பச்சை காட்டிய பிறகும் வந்து சேராத பாதி

காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு மின்சாரம் போனது. ஏழு நாற்பத்தாறுக்குத் திரும்பி வந்தது. இரண்டும் ஆலையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியிருந்தன. அதற்குச் சற்று முன்னால் பதிவாகியிருக்க வேண்டிய ஒன்று மட்டும் அதில் இல்லை: என் மகள் உப்பு கழுவும் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறாள் என்ற செய்தி.

மரக்காணத்தில் பனி இறங்கும் மாதங்களில் காலை நேரத்து மின்தடை புதிதல்ல. மின்கம்பத்துப் பீங்கான்களில் கடல்காற்று உப்பைப் படிய வைக்கும், பனி அதை நனைக்கும், லைன் ட்ரிப் ஆகிவிடும். ஆலைக்காரர்கள் அதற்காகப் பதறுவதில்லை. மின்சாரம் திரும்பியதும் பெட்டி தானாக விழித்துக்கொள்ளும். கடைசியாக என்ன நிலையில் இருந்தோம் என்று தன் சேமிப்பு அட்டையைப் பார்க்கும். ஓடிக்கொண்டிருந்தால் சைரன் ஒலித்துவிட்டு மறுபடி ஓட ஆரம்பிக்கும். 'ஆள் உள்ளே' என்று பதிந்திருந்தால் அசையாமல் நிற்கும்.

என் மகள் நித்யா டிப்ளமோ முடித்து அந்த ஆலையில் பயிற்சி டெக்னீஷியனாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தொட்டிக்குள் நீளமான இரும்பு ஸ்க்ரூ ஒன்று சுழன்று, கழுவிய உப்பை மேலே ஏற்றும். அன்று அதில் சாக்குத் துண்டு சிக்கிக்கொண்டது. ஆபரேட்டர் ஏழுமலை ஸ்க்ரூவை நிறுத்தினார். நித்யா ஏணியில் இறங்கினாள். அவள் இறங்கும்போதே திரையில் 'ஆள் உள்ளே' பட்டனை அழுத்தியதாகவும், பச்சை விளக்கு வந்ததைப் பார்த்ததாகவும் ஏழுமலை சொன்னார். அடுத்த நொடி மின்சாரம் போனது. அவர் ஜெனரேட்டர் பக்கம் போனார். நித்யா பகல் வெளிச்சத்தில் சாக்கை அறுத்துக்கொண்டிருந்தாள்.

மின்சாரம் வந்தது. சைரன் ஒலித்தது. ஸ்க்ரூ சுழன்றது.

ஏழுமலை ஓடி வந்து சிவப்புக் குமிழைக் குத்தி நிறுத்தினார். அதற்குள் நித்யாவின் ரப்பர் பூட்ஸ் ஸ்க்ரூவுக்கும் சுவருக்கும் இடையே போய்விட்டது. கால் உருவிக்கொண்டு வந்ததால் கணுக்கால் எலும்பில் விரிசலோடு முடிந்தது.

பெட்டியில் 'ஆள் உள்ளே' என்ற பதிவு இல்லை. ஆகவே ஏழுமலை பட்டனை அழுத்தவில்லை என்று ஆலை முடிவு செய்தது. "அழுத்த மறந்துவிட்டேன்" என்று எழுதி நீட்டிய தாளில் அவர் கையெழுத்துப் போட மறுத்தார். அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை இறுதி விசாரணை. மெயின் சுவிட்சைப் பூட்டிவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும் என்ற பழைய விதி இருந்தது. தொடுதிரை வந்த பிறகு பூட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை, விசாரணையில் யாரும் கேட்கவும் இல்லை.

நித்யாவிடமும் கேட்டார்கள். அவள் இருந்ததைச் சொன்னாள்: "நான் முதுகு காட்டி இறங்கிட்டிருந்தேன் சார். அவர் அழுத்தினதை நான் பாக்கல."

உண்மைதான். ஆனால் பக்கத்தில் நின்ற ஏழுமலையின் முகம் அதைக் கேட்டதும் எப்படி ஆனது என்று வீட்டுக்கு வந்து அவளே சொன்னாள். அதிலிருந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் யார் என்று இப்போது சொல்ல வேண்டும். கணினி இயங்குதளத்தின் அடிமட்டத்தில், கர்னல் என்று நாங்கள் சொல்லும் பகுதியில், தகவல் டிஸ்க்குக்குப் போகும் வழியைப் பார்த்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. சென்னையில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு பெற்று, பெருமுக்கல்லுக்குக் குடிவந்தவள். என் பழைய குழுவில் இருக்கும் பிரபு என்ற பையன்தான் இதை எழுதச் சொன்னான். இப்போதெல்லாம் ட்ரேஸை, அதாவது கர்னலுக்குள் எது எப்போது நடந்தது என்ற வரிசைப் பதிவை, ஒரு மென்பொருளே படித்து விடை சொல்லிவிடுகிறதாம். "புதுசா வர்ற பசங்க அது சொல்றதை அப்படியே கேட்டுக்கறாங்கக்கா. நீங்க எப்படி உக்காந்து பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க" என்றான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. புத்தகம், பரீட்சை, ஏசி அறை, ஜலதோஷம். உண்மையில் நான் கற்றுக்கொண்டது தேவசகாயம் சாரின் மேசைக்கு எதிரே நின்ற நேரங்களில்தான். அவர் குழுத் தலைவர். குரலை உயர்த்த மாட்டார். ஆனால் 'முடிந்தது' என்ற சொல்லை அவர் முன்னால் சொல்ல முடியாது.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், "டேட்டாவ டிஸ்க்ல எழுதிட்டேன் சார்" என்றேன்.

"யார் சொன்னா?"

"டிஸ்க்தான் சார் சொல்லுச்சு. ஓகேன்னு பதில் வந்துச்சு."

"அது ஓகேன்னு சொல்லும்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூடத்தான் எல்லாத்துக்கும் ஓகேன்னு சொல்றாங்க." எழுந்து வந்து என் கணினியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். "இப்ப போட்டுப் பாரு."

போட்டேன். பழைய தகவல்தான் இருந்தது. டிஸ்க் வாங்கிக்கொண்டது நிஜம். வாங்கியதைத் தன் தற்காலிக நினைவில் வைத்திருந்தது, நிரந்தரமாக எழுதவில்லை. எழுதச் சொல்லித் தனியாக ஒரு கட்டளை உண்டு, அதை நான் அனுப்பவில்லை.

அதன் பிறகு அவர் சொன்னபடி ஒரு வெள்ளைத்தாளில் நெடுக்காக நான்கு பத்திகள் போடப் பழகினேன். நிரலின் கையில், கர்னலின் வரிசையில், டிஸ்க்கின் தற்காலிக நினைவில், டிஸ்க்கின் மேலேயே. ஒவ்வொரு தகவலும் எந்த நேரத்தில் எந்தப் பத்தியில் நிற்கிறது என்று மேலிருந்து கீழாகக் குறிக்க வேண்டும். குறித்த பிறகு அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு கோட்டின் மேல் பேனா மூடியை வைத்து, "இங்க கரண்ட் போனா?" என்பார். நாம் பதில் சொல்லும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். தேநீர் முடிந்துவிட்டால் இன்னொன்று வரவழைப்பார். ஒருமுறை மூன்று கோப்பைகள் ஆனது எனக்குத்தான்.

இன்னொரு பழக்கமும் அவருடையது. பிழையைக் கண்டுபிடித்தேன் என்று போய் நின்றால், "கூப்பிட்டா வருமா? போன்னு சொன்னா போகுமா?" என்பார். வேண்டும்போது வரவழைக்கவும், ஒன்றே ஒன்றை மாற்றிப் போகவைக்கவும் முடிந்தால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு. அதுவரை அது நம் ஊகம், அவ்வளவுதான்.

மகளின் மருத்துவ விடுப்புக் கடிதத்தைக் கொடுக்க ஆலைக்குப் போனேன். ஆபரேட்டர் அறையில் யாரோ பெட்டியை அணைத்துப் போட்டார்கள். அது விழிக்கும்போது திரையில் ஓடிய வெள்ளை எழுத்து வரிகளைப் பார்த்து நின்றுவிட்டேன். எங்கள் கர்னல். அந்த வரிகள் வரும் ஒழுங்கு என் வீட்டுச் சமையலறை மாதிரி எனக்குத் தெரியும். சேமிப்பு அட்டைக்கான டிரைவர், அதாவது கர்னலை அட்டையோடு பேசவைக்கும் நிரல், மட்டும் புதிது, நான் வெளியே வந்த பிறகு எழுதப்பட்டது. அது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. கூடவே, மறைக்காமல் சொன்னால், ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது: அவர் அழுத்தியிருந்தால், அது எங்கே போயிருக்கும்?

பிரபுவைக் கூப்பிட்டேன். அதே மாதிரிப் பெட்டி ஒன்றையும், மின்சாரத்தைக் குறித்த கணத்தில் வெட்டும் சின்னக் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். எங்கள் சாப்பாட்டு மேசை ஆய்வுக்கூடம் ஆனது. நித்யா கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

அந்தப் பெட்டி ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் இரண்டு விஷயங்கள் எழுதுகிறது. முதலில் பதிவு: என்ன நிலை, யார், என்ன காரணம். அடுத்தது சுட்டி: "கடைசிப் பதிவு இன்ன இடத்தில் இருக்கிறது, அதைப் பார்." இந்த வரிசை மாறக் கூடாது. சுட்டி முதலில் போய்ச் சேர்ந்து, பதிவு போகாமல் மின்சாரம் நின்றால், பெட்டி விழித்ததும் சுட்டி காட்டும் இடத்தில் குப்பைதான் இருக்கும். குப்பை என்று தெரிந்ததும் அது ஒரு படி பின்னால் போய் முந்தைய நல்ல பதிவை எடுத்துக்கொள்ளும். ஸ்க்ரூவைத் தற்காலிகமாக நிறுத்துவதைப் பெட்டி தனி நிலையாகப் பதிவதில்லை, ஆகவே அன்று முந்தைய நல்ல பதிவு 'ஓட்டம்'.

இது என் ஊகம். வரவழைக்க வேண்டும்.

பிரபு கர்னலின் ட்ரேஸை இயக்கினான். ஒவ்வொரு முறையும் பெட்டியை 'ஓட்டம்' நிலையில் வைத்து, பெயர் கேட்ட இடத்தில் TEST என்று அடித்து, பட்டனை அழுத்தி, பச்சை வந்த கணத்தில் மின்சாரத்தை வெட்டினான். போட்டான். 'ஆள் உள்ளே' பத்திரமாக இருந்தது. மறுபடி. மறுபடி. மதியம் வரை ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"அக்கா, கோச்சுக்காதீங்க. அந்த ஆளு நிஜமாவே அழுத்தலையோ?"

நான் பதில் சொல்வதற்குள் நித்யா, "என்னது அது, டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு? ஏழுமலை அண்ணா அப்படியெல்லாம் அடிக்க மாட்டாரு" என்றாள்.

"வேற எப்படி அடிப்பாரு?"

"எங்க ப்ளாண்ட்ல ரெண்டு நித்யா. இன்னொன்னு கூனிமேட்டுப் பொண்ணு. ஊரு போடலன்னா ஆபீஸ்ல சம்பளத்துக்கே குழப்பிடுவாங்க. அதனால 'பெருமுக்கல் நித்யா'ன்னு முழுசா தமிழ்ல அடிப்பாரு. காரணமும் விலாவாரியா இருக்கும். ஸ்க்ரூவுல சாக்கு மாட்டிக்கிச்சு, எடுக்க இறங்கி இருக்குதுன்னு. நாங்க கிண்டல் பண்ணுவோம், அண்ணா கடுதாசி எழுதறாருன்னு."

பிரபு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கணினிக்குள் ஒரு தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைவிட மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல் இடம் பிடிக்கும். டிஸ்க்கில் இடம் சம அளவுக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். TEST போட்ட பதிவு ஒரு கட்டத்துக்குள் அடங்கும். ஏழுமலையின் கடுதாசி அடங்காது. அது இரண்டு கட்டங்களுக்கு வழியும், கட்டங்கள் அடுத்தடுத்து இல்லாவிட்டால் கர்னல் அதை இரண்டு துண்டாக வெட்டி அனுப்ப வேண்டியிருக்கும்.

"அடிடா, அடி" என்றேன். நித்யா சொல்லச் சொல்ல அவன் அடித்தான்.

பதிவு பத்திரமாக இருந்தது. மறுபடியும் பத்திரமாக. சாயங்காலத் தேநீர் ஆறிப்போனது. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரபு கண்ணைத் தேய்த்துக்கொண்டு ட்ரேஸ் கோப்புகளை மூட ஆரம்பித்தான். நான் அதிலொன்றை வாங்கி, கடைசி வரியைப் பார்த்தேன். அடுத்ததையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசி வரி மின்சாரம் போன கணம் வரை முழுசாக இருந்தது.

அது அழகாக இருந்தது, அதுதான் உறுத்தியது. பட்டென்று மின்சாரத்தை வெட்டினால் ட்ரேஸின் வால் அறுந்திருக்க வேண்டும். இது ஏன் அறுபடவில்லை?

"பிரபு, ட்ரேஸை எங்க எழுதற?"

"அட்டையிலதான்."

"எந்த அட்டை?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அதே அட்டைக்கா."

வால் அறுந்துவிடக் கூடாதே என்று அவன் ஒவ்வொரு ட்ரேஸ் வரிக்கும் பின்னால் 'உடனே எழுது' கட்டளையையும் சேர்த்திருந்தான். அந்தக் கட்டளை ட்ரேஸை மட்டும் தள்ளவில்லை. அதற்கு முன்னால் வரிசையில் காத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து அட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. நோயைப் பார்க்க வந்த நாங்களே நாள் முழுக்க மருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு எஞ்சினியரு" என்று சொல்லி நித்யா சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ட்ரேஸை ஒரு கம்பி வழியாக வெளியே எடுத்து, பிரபுவின் மடிக்கணினிக்கு அனுப்பினோம். அட்டையைத் தொடவில்லை. அதே பெயர், அதே காரணம். அழுத்தினான். பச்சை. வெட்டினான். போட்டான்.

திரையில் 'ஓட்டம்'.

நான் வெள்ளைத்தாள் எடுத்து நான்கு பத்திகள் போட்டேன். மடிக்கணினியில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக அதில் இறக்கினேன். பதிவின் முதல் துண்டு கர்னலின் வரிசைக்குள் போகிறது. இரண்டாம் துண்டு அதன் பின்னால் போய் நிற்கிறது. முதல் துண்டு அட்டைக்குப் போய், ஆயிற்று என்று பதில் வருகிறது. உடனே புதிய டிரைவர், 'பதிவு முழுவதும் ஆயிற்று' என்று மேலே சொல்லிவிடுகிறது. என் விரல் அங்கே நின்றது. இரண்டாம் துண்டு இன்னும் வரிசையிலேயே நிற்கிறது. பாதி மூட்டை உப்பளத்தில் கிடக்கும்போது, முன்னால் போன லாரியை மட்டும் பார்த்துவிட்டு 'லோடு போயாச்சு' என்று கேட்டில் குறிப்பது போல. அதை நம்பிச் சுட்டி இன்னொரு வரிசையில் புறப்பட்டு அட்டைக்குப் போகிறது. 'உடனே எழுது' கட்டளையும், இரண்டாம் துண்டு நிற்கும் வரிசையைத் தள்ளாமல், சுட்டியின் வரிசையிலேயே போகிறது. அட்டை தன்னிடம் வந்து சேர்ந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டுச் சரி என்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. இரண்டாம் துண்டின் வரியைக் காணவில்லை. அதற்குள் மின்சாரம் போய்விட்டது.

அந்தத் தாளைப் பார்த்தபோது ஒரு சந்தோஷம் வந்தது. மறைந்திருந்த ஒன்று வரி வரியாகக் கண் முன்னால் வந்து நிற்கும்போது வருகிற பழைய சந்தோஷம். ஆனால் விரல் நின்ற இடத்துக்கும் பச்சை எரிந்த இடத்துக்கும் நடுவில் இருந்தது என் மகளின் கால். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்து, தேவசகாயம் சாருக்குச் செய்வது போலவே செய்தோம். காரணத்தைச் சுருக்கினால் பிழை போனது. நீட்டினால் வந்தது. இரண்டு துண்டுக்கும் பதில் வரும்வரை காத்திருக்கும்படி பிரபு டிரைவரில் சில வரிகள் திருத்தினான், நீட்டினாலும் போனது. திருத்தத்தை எடுத்தான், வந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நானும் நித்யாவும் பிரபுவும் போனோம். நித்யா ஊன்றுகோலில் வந்தாள். வர வேண்டாம் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. ஆலை மேனேஜர் எங்களை உட்காரவைத்தார்.

"மேடம், நீங்க அந்தப் பொண்ணோட அம்மா. உங்க பொண்ணுக்கு அடிபட்டிருக்குது. நீங்க எதுக்கு ஏழுமலைக்காகப் பேசறீங்கன்னு எனக்குப் புரியல."

"அவருக்காகப் பேச வரல சார். ஒரு தடவை நீங்களே அழுத்திப் பாருங்க."

பிரபு பெட்டியை மேசையில் வைத்து, ஸ்க்ரூவுக்குப் பதிலாக ஒரு சின்ன விசிறியை இணைத்து ஓடவிட்டான். மேனேஜர் ஆங்கிலத்தில் தன் பெயரை அடித்து, 'ஆள் உள்ளே' அழுத்தினார். பச்சை. பிரபு கம்பியைப் பிடுங்கிச் செருகினான். விசிறி அசையவில்லை.

"சரியாத்தானே இருக்குது?"

"இப்ப ஏழுமலை அடிக்கிற மாதிரி அடிங்க சார். ஊரு, பேரு, காரணம் எல்லாம் தமிழ்ல" என்றேன்.

பிரபு பெட்டியை மறுபடி 'ஓட்டம்' நிலைக்கு மாற்றிக் கொடுத்ததும், மேனேஜர் ஒற்றை விரலால் மெதுவாக அடித்தார். அழுத்தினார். பச்சை விளக்கை விரலால் தொட்டுக்கூடக் காட்டினார். கம்பி பிடுங்கப்பட்டது, செருகப்பட்டது.

விசிறி சுழன்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்களைத் தொட விடாமல், தானே அடித்து, தானே பிடுங்கி, தானே செருகினார். மறுபடி சுழன்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தினி தடவை இந்தப் பச்சையை நம்பி ஆளை இறக்கியிருக்கோம்" என்று அவருக்கே சொல்லிக்கொண்டார். பிறகு உதவியாளரிடம், "ஏழுமலைக்கு போன் போடு. உடனே வரச் சொல்லு. அப்படியே மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி நாலு நல்ல பூட்டு வாங்கிட்டு வரச் சொல்லு. மெயின் சுவிட்சைப் பூட்டாம இனிமே எவனும் இறங்கக் கூடாது" என்றார். எங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் கேட்டார். திருத்திய கர்னல் எல்லாப் பெட்டிகளுக்கும் எப்போது போகும் என்று பிரபு எழுதிக் கொடுத்தான்.

ஏழுமலை வரத் தாமதமானது. நித்யா வாசலையே பார்த்துக்கொண்டு ஊன்றுகோலின் ரப்பர் முனையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வெளியே டிவிஎஸ் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையெழுத்துப் போடத்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல, முகம் இறுகியிருந்தது. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

மேனேஜர் எழுந்து, "வாய்யா ஏழுமலை, உள்ள வா. பெட்டியிலதான் கோளாறு. நீ அழுத்தியிருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் சார்" என்றார் ஏழுமலை. மேனேஜரையோ மேசை மேலிருந்த பெட்டியையோ அவர் பார்க்கவில்லை. என் மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரிஞ்சுதா, பாப்பா?"